எந்தச் செயலி என்பதற்கு முன், எந்தச் சுவர்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: குன்னூருக்கு அருகே ஒரு நடுநிலைப் பள்ளி, 7, 8ஆம் வகுப்புகளில் 22 பிள்ளைகள், கையில் 4 டேப்லெட், ஒரு புரொஜெக்டர். டிஜிட்டல் தெரு ஓவியம், அதாவது சுவரின் புகைப்படத்தின் மேல் திரையில் வரையும் படம், வழியாகச் சமூகச் செய்தி சொல்ல அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும், எந்தச் செயலி நல்லது, படங்களை எங்கே காட்டுவது? செயலியின் பெயரை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் கேள்வியின் நடுவில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வாக்கியத்தில்தான் நான் நின்றுவிட்டேன்: “எந்தத் தலைப்புக் கொடுத்தாலும் பூமி உருண்டையும் அதைத் தாங்கும் இரண்டு கைகளுமாகவே வரைந்து தருகிறார்கள்.” உங்கள் உண்மையான கேள்வி அதுவே என்று எடுத்துக்கொள்கிறேன். கோத்தகிரிப் பக்கம் 24 ஆண்டுகள் ஓவியம் கற்பித்தவன் நான். அதில் கடைசி 9 ஆண்டுகள் டேப்லெட்டும் கணினியும் சேர்ந்துகொண்டன. அந்தப் பூமி உருண்டையை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் பிள்ளைகளின் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. “சுற்றுச்சூழல்” என்று தலைப்புக் கொடுத்தால், பாடப்புத்தகத்திலும் விழிப்புணர்வுப் பலகையிலும் பார்த்த படம்தான் அவர்கள் கைக்கு வரும். தலைப்பு அத்தனை பெரிதாக இருக்கும்போது பிள்ளை தன் கண்ணால் பார்த்ததை அதற்குள் எங்கே வைப்பது?

தெரு ஓவியம் என்பது சுவரில் வரைந்த படம் என்பதோடு முடிந்துவிடுவதில்லை. குறிப்பிட்ட ஒரு சுவர் இருக்கிறது, அந்த வழியாகப் போகும் குறிப்பிட்ட மனிதர் இருக்கிறார், அவரிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும். கீத் ஹேரிங் என்ற அமெரிக்க ஓவியர் 1980களின் முதல் பாதியில் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில், விளம்பரம் இல்லாமல் கறுப்புத் தாள் ஒட்டியிருந்த பலகைகளில் வெள்ளைச் சாக்கட்டியால் வரைந்தார். ரயிலுக்குக் காத்திருப்பவர்தான் அவருடைய வாசகர். வரைய அவருக்குக் கிடைத்ததோ சில நிமிடங்கள். அதனால்தான் அவர் கோடுகள் அவ்வளவு எளிமையாக இருந்தன. 1986இல் கிராக் என்ற போதைப்பொருளுக்கு எதிராக நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு விளையாட்டுத் திடலின் சுவரில் அவர் வரைந்த ஓவியம், பக்கத்து நெடுஞ்சாலையில் காரில் போகிறவர்களுக்கும் தெரியும்படி பெரிய எழுத்துகளோடு இருந்தது. தன்னிடம் வேலை செய்த ஓர் இளைஞர் அந்தப் போதையில் சிக்கியதைப் பார்த்த தவிப்பில் வரைந்தது அது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது நான் ஓவியத்தைவிட அந்த நெடுஞ்சாலையைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். யார் பார்ப்பார்கள், எவ்வளவு நேரம் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டு வரைந்த மனிதர் அவர்.

ஆகவே முதல் இரண்டு வகுப்புகளில் டேப்லெட்டை வெளியே எடுக்காதீர்கள். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சுவர்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். தேயிலைத் தோட்டத்துத் தடுப்புச் சுவர், ரேஷன் கடையின் பக்கவாட்டுச் சுவர், பஸ் நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு குழுவும் ஒரு சுவருக்கு முன் அரை மணி நேரம் உட்காரட்டும். யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், என்ன செய்கிறார்கள், கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் நோட்டில் எழுதட்டும். செய்தி என்னவென்று அப்போது கேட்காதீர்கள். அடுத்த வகுப்பில், “இந்த இடத்தில் உங்களுக்குக் கோபமோ வருத்தமோ சந்தோஷமோ தந்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் செய்தி இருக்கும்.

இதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். கோத்தகிரி சாலையில் ஒரு பஸ் நிறுத்தம். அதன் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் கருங்கல் தடுப்புச் சுவர். மழைநீர் வடிவதற்காக அதில் வரிசையாகக் குழாய்த் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் கீழே நீர் வழிந்து வழிந்து பாசி பச்சைக் கோடாகப் படிந்திருக்கும். அங்கே சுற்றுலா வண்டிகளை நிறுத்தி, குரங்குகளுக்கு வர்க்கி என்ற நம் ஊர் பிஸ்கட்டும் சிப்ஸும் போடுவது வாடிக்கை. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டிலிருந்து வரும் 8ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி முதலில் வரைந்தது, நாம் எதிர்பார்க்கும் படம்தான்: பெரிய குரங்கு, குறுக்கே சிவப்புக் கோடு, மேலே “குரங்குகளுக்கு உணவளிக்காதீர்”. அவள் நோட்டில் இருந்ததைப் படித்துக் காட்டச் சொன்னேன். “குழந்தை கேட்டால்தான் பெரியவர்கள் கொடுக்கிறார்கள்” என்று ஒரு வரி இருந்தது. “குரங்கின் கை பாப்பாவின் கை மாதிரி இருக்கிறது” என்று இன்னொரு வரி. அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவள் கொண்டுவந்த படத்தில் முழுக் குரங்கு இல்லை, எழுத்தும் இல்லை. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருந்த ஒரு குழாய்த் துளையிலிருந்து சின்னக் கை ஒன்று நீண்டிருந்தது. உள்ளங்கை விரிந்திருந்தது. அதில் கிழிந்த பாக்கெட்டின் பளபளப்பான துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. துளைக்குக் கீழே இருந்த பாசிக் கோட்டை அவள் தொடவே இல்லை, அப்படியே விட்டிருந்தாள். மூன்றடி ஏன் என்று கேட்டேன். “குழந்தைக்குத்தானே சார் தெரிய வேண்டும்” என்றாள்.

அந்தப் படத்தை எந்தச் செயலியிலும் வரைந்திருக்கலாம். ஆனால் டிஜிட்டலாக வரைந்ததால் ஒரு வசதி இருந்தது. சுவரின் புகைப்படத்தின் மேலேயே வரைந்ததால் துளையும் பாசியும் அவள் ஓவியத்துக்குள் வந்தன. வெள்ளைத் தாளில் அது நடந்திருக்காது. உண்மைச் சுவரில் வரையவோ அனுமதி கிடைத்திருக்காது. பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு ஐந்தாவது முறையும் முயலலாம், சுவருக்கு ஒன்றும் ஆகாது. 2007இல் கிராஃபிட்டி ரிசர்ச் லேப் என்ற குழு நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் ஓர் உயரமான கட்டடத்தின் மீது லேசர் விளக்கால் எழுதிக் காட்டியது. விளக்கின் புள்ளி போகும் பாதையைக் கேமரா கவனிக்கும். புரொஜெக்டர் அந்தப் பாதையை ஒளிக்கோடாகக் கட்டடத்தின் மேல் வீசும். விளக்கை அணைத்தால் சுவர் பழையபடியே நிற்கும். டிஜிட்டல் தெரு ஓவியம் என்று சொன்னாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கறைபடாத தன்மைதான்.

நம் மலையில் இதற்குத் தனி முக்கியத்துவமும் உண்டு. கோத்தகிரிக்கு அப்பால் கரிக்கியூரில் தொன்மையான பாறை ஓவியங்கள் இருக்கின்றன. போய்ப் பார்த்தவர்களில் சிலர் அவற்றின் மேலேயே பெயரைக் கீறிவைத்து, பலவற்றைச் சிதைத்துவிட்டார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எந்தச் சுவரில் வரையலாம் என்பதோடு, எதைத் தொடவே கூடாது என்பதும் இந்தப் பாடத்தில் அடங்கும். இந்த மலையின் பழங்குடிகளில் குறும்பர்கள் வேங்கை மரப் பால் போன்ற இயற்கை வண்ணங்களால் இன்றும் வரைகிறார்கள். தோடர்களின் சிவப்பு, கறுப்புப் பூத்தையல் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தச் சமூகங்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்து, அவர்களே அந்த வடிவங்களை எடுத்து வந்தால் மிகவும் நல்லது. மற்றப் பிள்ளைகள் அவற்றை வெறும் ஓர அலங்காரமாக நகலெடுப்பதை நான் அனுமதிப்பதில்லை. ஓர் அம்மாவையோ பாட்டியையோ வகுப்புக்கு அழைத்து, அந்த வடிவம் என்னவென்று கேட்டுவிட்டு வரையட்டும்.

இனி வேலை முறை. சுவரைப் படமெடுக்க நம் ஊர் மூடுபனி நாள்தான் சிறந்தது. வெயிலில் எடுத்தால் மர நிழல் சுவரின் மேல் கோடு கோடாக விழும். பனி நாளில் ஒளி ஒரே சீராகப் பரவியிருக்கும். சுவருக்கு நேராக நின்று எடுங்கள், சாய்வாக வேண்டாம். சுவரோடு ஒரு மீட்டர் அளவுகோலைச் சாய்த்துவைத்து ஒரு படம், அளவுகோலை அகற்றிவிட்டு ஒரு படம். பிறகு எந்த உயரத்தில் வரைகிறோம் என்பது தெரியும். செயலியில் புகைப்படத்தை அடி அடுக்காக (லேயர்) வைத்து, அது அசையாதபடி பூட்டிவிடுங்கள். அதன்மேல் புதிய அடுக்கைத் திறந்து, அதன் கலப்பு முறையை மல்டிப்ளை என்று மாற்றினால், கல்லின் சொரசொரப்பும் பாசியும் வண்ணத்தின் ஊடே தெரியும். படம் சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர் போல் மிதக்காது. ஆனால் அந்த முறையில் வெள்ளை வண்ணம் தெரியவே தெரியாது, வெளிர் நிறங்களும் கருங்கல்லின் மேல் மங்கிப்போகும். முதல் தடவை எல்லாப் பிள்ளைகளும் இதில் தடுமாறுவார்கள். அதற்கு வழி, நம் ஊர்ச் சுவர் விளம்பரக்காரர்கள் செய்வதுதான்: எழுதும் முன் சுண்ணாம்பு அடிப்பார்கள் அல்லவா? அதேபோல் கீழே சாதாரண அடுக்கு ஒன்றில், லேசாகச் சுவர் தெரியும் அளவுக்கு வெள்ளை பூசிவிட்டு, அதன்மேல் வண்ணம் போடச் சொல்லுங்கள். மூன்று நிறத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். வண்ணப் பலகை முழுவதையும் திறந்துவிட்டால் வகுப்பு நேரம் வண்ணம் தேடுவதிலேயே போய்விடும்.

எழுத்து வேண்டுமென்றால் கையால் எழுதட்டும். சில செயலிகளில் தமிழைத் தட்டச்சு செய்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறும். “கொ” என்பது “கெ”யும் காலுமாகப் பிரிந்து நிற்கும். அந்தத் தொல்லைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தேர்தல் நேரத்தில் சுவரெழுத்துக்காரர் நூல் பிடித்துக் கோடு போட்டு, ஒரு எழுத்துக்கு நிழல் கொடுப்பதைப் பார்த்து நின்ற தலைமுறை நாம். அந்தக் கைநேர்த்தி ஓர் எழுத்துருவிலிருந்து வராது. எழுத்தை அட்டையில் வெட்டி அச்சாக்கும் முறையையும் கற்றுக்கொடுத்தால், “ண”, “ன”, “ள” போன்றவற்றின் சுழிக்கு உள்ளே இருக்கும் துண்டு தனியே விழுந்துவிடும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். அதைப் பிடித்து நிறுத்தச் சின்னச் சின்னப் பாலங்கள் விட வேண்டும். எங்கே பாலம் விடுவது என்று ஒரு 7ஆம் வகுப்புப் பையன் “ண”வோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவன் அந்த எழுத்தை அறிந்ததுபோல் நான் அறிந்ததில்லை.

யாருக்குச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து எழுத்து வேண்டுமா என்பதே மாறும். கர்நாடகமும் கேரளமும் தொட்டுக்கொண்டிருக்கும் மாவட்டம் இது. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டியிருக்கும் அளவுக்கு வண்டிகள் வருகின்றன. அந்தப் பயணிகளில் பலருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கான சுவர் என்றால் படமே பேச வேண்டும். கொண்டை ஊசி வளைவில் இருக்கும் சுவர் என்றால் பஸ் வேகம் குறைத்துத் திரும்பும் சில விநாடிகள்தான் கணக்கு. படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, அதை முன்பு பார்த்திராத இன்னொரு வகுப்புப் பிள்ளைக்கு மூன்று விநாடி காட்டி, என்ன பார்த்தாய் என்று கேட்டால் போதும். நீங்கள் திருத்த வேண்டியதே இருக்காது. ஊர்க்காரருக்கான செய்தி என்றால் கதை வேறு. ஒரு முறை ஒரு மாணவன் தன் ஹட்டியின் (படுகர் ஊரின்) தண்ணீர்த் தொட்டிச் சுவருக்குப் படுக மொழியில், தமிழ் எழுத்தில் எழுதிக் கொண்டுவந்தான். “இதைப் படித்தால் என் பெரியப்பா சிரித்துவிட்டுக் குழாயை மூடுவார், தமிழில் எழுதினால் பஞ்சாயத்து வைத்த பலகை என்று நினைத்துப் போய்விடுவார்” என்றான். அவனுக்கு நான் கற்பிக்க எதுவும் மீதியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

செயலி பற்றி ஒரு பத்தி போதும். கணினி கிடைத்தால் கிரிட்டா: இலவசம், திறமூலம், இணையம் தேவையில்லை. டேப்லெட்டில் ஸ்கெட்ச்புக் போதும். ஐபிஸ் பெயின்ட்டும் நல்ல கருவிதான். இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும் என்பதால் இணையத்தைத் துண்டித்துவிட்டுக் கொடுங்கள். பள்ளி ஆய்வகக் கணினியில் எதையும் நிறுவும் முன் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். கேட்டால் உடனே படம் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை இந்தப் பாடத்தில் நான் அனுமதிப்பதில்லை. அவை திருப்பித் தருவது அதே பூமி உருண்டையைத்தான், கொஞ்சம் பளபளப்பாக. 22 பிள்ளைகளுக்கு 4 டேப்லெட் குறைவு என்று வருந்தியிருந்தீர்கள். வேலையில் பெரும்பகுதி நோட்டிலும் பென்சிலிலும் நடப்பதால் அது குறையே இல்லை. ஐந்தாறு பேருக்கு ஒன்று, ஆளுக்கு இருபது நிமிடம்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன. சுவரின் புகைப்படத்தில் அடையாளம் தெரியும் முகமோ வீடோ வண்டி எண்ணோ வரக்கூடாது. போனில் எடுத்த படத்தோடு இடக்குறிப்பும் பதிவாகியிருக்கலாம். வெளியே பகிரும் முன் அதை நீக்கிவிடுங்கள். பிள்ளைகளின் பெயர், படம் எதை இணையத்தில் போடுவதானாலும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. பின்னால் உண்மைச் சுவரிலேயே வரைய ஆசை வந்தால், பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிரான சட்டம் தமிழ்நாட்டில் 1959 முதல் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். உரிமையாளரிடமும் உள்ளாட்சியிடமும் எழுத்தில் அனுமதி வேண்டும். நான் வழக்கறிஞன் இல்லை. எந்தச் சுவருக்கு யாரிடம் கேட்பது என்பதை உங்கள் தலைமையாசிரியர் வழியாகவே விசாரியுங்கள்.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இன்னொன்று. காலி மதுப்புட்டிகளை 10 ரூபாய் கொடுத்துத் திரும்பப் பெறும் திட்டம் 2022இல் முதலில் நீலகிரியில்தான் தொடங்கியது. காட்டில் வீசப்படும் புட்டி உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது என்பது இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியும். அதை வைத்து ஒரு குழு வரைந்துகொண்டிருந்தபோது, ஒரு சிறுவன் யானைக் காலுக்குப் பதிலாகத் தன் வீட்டு வாசற்படியை வரைந்தான். படியில் புட்டி, உள்ளே இருட்டு. வகுப்பில் பலருக்கு அது யார் வீடு என்று தெரியும். படம் மிக நன்றாக இருந்தது. நான் அதைக் காட்சிக்கு வைக்கவில்லை. அவனிடம் தனியாகப் பேசினேன், அவன் சம்மதத்தோடு தலைமையாசிரியரிடமும் சொன்னேன். உங்களுக்கும் இது நேரும். பிள்ளையை உண்மை பேசச் சொல்லிவிட்டு, பேசியதும் சுவரில் மாட்டிவிடக் கூடாது. ஓவிய ஆசிரியருக்கு மனநல ஆலோசகரின் பயிற்சி கிடையாது, எனக்கும் கிடையாது. பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. எந்தப் படம் வெளியே போக வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இந்தப் படங்களால் ஊர் மாறுமா என்று கேட்டால், அப்படி உறுதி கொடுக்க என்னால் முடியாது. குரங்குக்குச் சிப்ஸ் போடுவது அந்த நிறுத்தத்தில் இன்றும் நடக்கிறது. நான் கண்ணால் கண்டு உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: அரை மணி நேரம் ஒரு சுவருக்கு முன் உட்கார்ந்த பிள்ளை அதன்பிறகு அந்த இடத்தைக் கடக்கும்போது நின்று பார்க்கிறது, வீட்டில் போய்ப் பேசுகிறது. 22 படங்களில் நான்கைந்துதான் நீங்கள் மறக்காத படங்களாக இருக்கும். மற்றவற்றில் பூமி உருண்டைகளும் இருக்கும், இருக்கட்டும். போட்டி வைத்துப் பரிசு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பரிசு என்றதும் நடுவருக்குப் பிடித்ததை வரையத் தொடங்கிவிடுவார்கள், வழிப்போக்கர் மறந்துபோவார்.

எங்கே காட்டுவது என்ற கேள்விக்கு வருகிறேன். புரொஜெக்டரால் சுவரில் வீசுவது பிள்ளைகளுக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் படத்தின் அகலத்தை இரு மடங்காக்கினால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். வகுப்பறைப் புரொஜெக்டருக்கு இரண்டு, மூன்று மீட்டர் அகலம்தான் சரி. சுவரும் வெள்ளையடித்ததாக இருக்க வேண்டும். பனி இறங்கினால் ஒளி வழியிலேயே கரையும். இருட்டிய பிறகு வெளியில் பிள்ளைகளை நிறுத்துவது நம் ஊரில் முடியாத காரியம். கரடியும் காட்டெருமையும் வரும் நேரம் அது. காட்டோரச் சுவர்களில் ஒளி வீசுவதும் வேண்டாம். சன்னல்களை மூடி, பள்ளிக்கூடத்தின் உட்சுவரிலேயே, பெற்றோரை மதியம் வரவழைத்துக் காட்டினோம் நாங்கள். போனைச் சுவர்பக்கம் பிடித்தால் படம் அசையும் வகைத் தொழில்நுட்பமும் இருக்கிறது. சிக்னல் இல்லாத வளைவுகளில் அது வேலைக்கு ஆகாது என்பதால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குரங்குக் கை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சுவரில் வரைய அனுமதி கேட்டோம், பதில் வரவில்லை. படத்தைத் தாளில் அச்சிட்டு, பக்கத்து டீக்கடைக்காரரின் சம்மதத்தோடு அவர் கடைக் கண்ணாடிக்கு உட்பக்கமாக, அதே மூன்றடி உயரத்தில் ஒட்டினோம். ஒரு சனிக்கிழமை அந்தப் பெண் அங்கே உட்கார்ந்து, யார் யார் பார்க்கிறார்கள் என்று மறுபடியும் நோட்டில் எழுதினாள். திங்கள்கிழமை என்னிடம் வந்து, கை இன்னும் அரை அடி கீழே இருந்திருக்க வேண்டும் என்றாள்.